மருந்துக்கு அளவு, சோற்றுக்குப் பசி

நம் வீடுகளில் ஒரு வேடிக்கை உண்டு. பிள்ளை எத்தனை இட்லி சாப்பிட்டது என்று எண்ணி எண்ணிக் கவலைப்படுவோம். அதே பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மருந்தைக் குத்துமதிப்பாக ஊற்றிக் கொடுப்போம். அளக்க வேண்டியதை விட்டுவிட்டு, அளக்கக் கூடாததை அளக்கிறோம்.

1. காய்ச்சலுக்குத் தரும் பாராசிட்டமாலுக்கு வயது கணக்கில்லை, எடைதான் கணக்கு. ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை. 10 கிலோ பிள்ளை என்றால் 150. சிக்கல் பாட்டிலில்தான் இருக்கிறது. ஒரு சிரப்பில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் இருக்கும். பக்கத்திலேயே இருக்கும் இன்னொன்றில் அதே 5 மில்லிக்கு 250. "போன தடவை 6 மில்லிதானே கொடுத்தோம்" என்று பாட்டில் மாறியது தெரியாமல் ஊற்றினால் மருந்து இரட்டிப்பாகிவிடும். சொட்டு மருந்து இன்னும் வீரியம்; 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். லேபிளைப் படியுங்கள். சமையலறை ஸ்பூன் வேண்டாம், மூடியில் கோடு போட்ட அளவுக் கப்போ ஊசியில்லாத சிரிஞ்சோ போதும். இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது 4 மணி நேரம், ஒரு நாளில் 4 வேளைக்கு மேல் கூடாது. ஆஸ்பிரின் பிள்ளைகளுக்கு ஆகாது. 3 மாதம் நிறையாத குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டில் எதுவும் செய்துகொண்டிருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

2. வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் என்றால் முழுவதையும் 1 லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஒரேயடியாகக் கரைக்க வேண்டும். டம்ளருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுவது தவறு. உப்பு கூடினாலும் கெடுதல், குறைந்தாலும் பயனில்லை. 24 மணி நேரம் தாண்டினால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாகத் திரும்பக் கொடுங்கள். கூடவே டாக்டர் துத்தநாக மருந்தை 14 நாளுக்கு எழுதியிருந்தால், மூன்றாம் நாளே போக்கு நின்றாலும் 14 நாளும் கொடுக்க வேண்டும். பட்டினி போடாதீர்கள். கஞ்சி, மோர், இட்லி எல்லாம் கொடுக்கலாம். சிறுநீர் குறைந்து, கண் குழிந்து, பிள்ளை துவண்டு போனால் உடனே ஆஸ்பத்திரி.

3. பச்சைக் குழந்தையை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் பாட்டிமாரின் கைப்பக்குவம் யாருக்கும் வராது. ஆனால் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, மூக்கில் ஊதுவது, தொண்டையில் விரல் விட்டுச் சளி எடுப்பது, இவை மட்டும் வேண்டாம். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். சளிக்குக் கற்பூரம் தேய்ப்பதும் கூடாது. அது உடம்புக்குள் போனால் வலிப்பு வரும். வீட்டில் சண்டை வேண்டாம். "அத்தை, டாக்டர் கூடாதுன்னு சொல்லிட்டாங்க" என்று பழியை டாக்டர் தலையில் போட்டுவிடுங்கள்.

4. இப்போது சோறு. 3 கிலோவில் பிறந்த குழந்தை ஒரு வயதில் ஏறக்குறைய 9 கிலோ ஆகிவிடும். அடுத்த ஒரு வருடத்தில் கூடுவது இரண்டு, இரண்டரை கிலோதான். வளர்ச்சி நிதானமாகும்போது பசியும் குறையும். அதைத்தான் நாம் "ஒண்ணுமே சாப்பிட மாட்டேங்குது" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். என்ன சமைப்பது, எப்போது பரிமாறுவது என்பது உங்கள் பொறுப்பு. எவ்வளவு சாப்பிடுவது என்பது பிள்ளையின் வயிற்றுக்குத் தெரியும். அரை மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் பால் குடிக்கும் பிள்ளை சோற்றைத் தொடாது. ரத்தசோகைக்கும் அது வழி.

5. சாப்பாட்டோடு டீ, காபி வேண்டாம். கீரையில் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் நன்றாகச் சேரும்.

6. "சாப்பிடலைன்னா டாக்டர்கிட்டச் சொல்லி ஊசி போடச் சொல்வேன்." இந்த ஒரு வரியை நானும் சொல்லியிருக்கிறேன். பிறகு தடுப்பூசிக்குப் போன அன்று ஆஸ்பத்திரி வாசலிலேயே ஆரம்பித்த அலறலை நிறுத்த முடியவில்லை. பூச்சாண்டி, போலீஸ், டாக்டர் மூவரையும் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிடாதீர்கள்.

7. கடையில் தரையில் புரண்டு அழுகிறதா? அடங்கும் வரை பக்கத்தில் நில்லுங்கள். அழுகைக்கு ஒரு முறை பொம்மை வாங்கிக் கொடுத்தால் அடுத்த முறை அழுகை இன்னும் நீளும். "இன்னைக்கு ஒரு பொருள்தான்" என்பதைக் கிளம்பும்போதே சொல்லிவிட வேண்டும்.

8. 2 வயது வரை போன் வேண்டாம். வெளியூரில் இருக்கும் தாத்தா முகத்தைக் காட்டுவது வேறு. 4 வயது வரை ஒரு மணி நேரத்துக்குள். நாம் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னால் இது எடுபடாது.

9. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் தினமும் 60 நிமிடம் மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்கு விளையாட்டு வகுப்பில் சேர்த்துத்தான் ஆக வேண்டும் என்றில்லை. மாலையில் மொட்டை மாடியில் சாக்பீஸால் கட்டம் போட்டு அம்மாவும் பாண்டி ஆடலாம். நொண்டி, கோகோவுக்கு அப்பாவும் வரலாம். நமக்கே இடுப்பு பிடித்துக்கொள்ளும், முதல் வாரம் மட்டும். வெயில் தணிந்த வெளிச்சத்தில் ஆடினால் கிட்டப்பார்வை வருவதும் தள்ளிப்போகும்.

10. ஆறிலிருந்து பன்னிரண்டு வயது வரை 9 மணி நேரமாவது தூக்கம் வேண்டும். காலை 6 மணிக்கு எழுப்புகிறீர்கள் என்றால் இரவு 9 மணிக்கு விளக்கை அணைத்தாக வேண்டும். சீரியல் பாதியில் நின்றால் நிற்கட்டும்.

11. மருந்து அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒரு தாளை ஒட்டுங்கள். பிள்ளையின் எடை, எடை போட்ட தேதி, ஒவ்வாத மருந்தின் பெயர், ஆம்புலன்சுக்கு 108. நள்ளிரவில் காய்ச்சல் அடிக்கும்போது எதுவும் நினைவுக்கு வராது. தேதி பழசாகியிருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே பிள்ளையைத் திரும்ப எடை போட்டு எழுதிவிடுங்கள்.