ஃபைல் போச்சு, இடம் வரலையே!

நம்பிக்கை: ஃபைலை அழித்ததும் டிஸ்க்கில் இடம் கிடைத்துவிடும்.

உண்மை: ஒரு நாள் நடுராத்திரி, லினக்ஸ் சர்வரில் டிஸ்க் நிரம்பி எல்லாம் நின்றுபோனது. 40 ஜிபிக்கு ஊதிக் கிடந்த லாக் ஃபைலை ஆர்எம் கொடுத்துத் தூக்கினேன். எல்எஸ் போட்டால் ஃபைல் இல்லை. டிஎஃப் போட்டால் அதே 100 சதவீதம்! தூக்கம் கலைந்தது அப்போதுதான்.

ஆர்எம் உள்ளே கூப்பிடுவது அன்லிங்க் வகை சிஸ்டம் கால். பெயரிலேயே விஷயம் இருக்கிறது. டைரக்டரியில் உள்ள பெயரை ஐநோடிலிருந்து கழற்றிவிடுவதோடு அதன் வேலை முடிந்தது. தனக்கு எத்தனை பெயர்கள் என்று ஐநோடு ஒரு கணக்கு வைத்திருக்கும். அது பூஜ்யமாக வேண்டும். ஃபைலைத் திறந்து வைத்திருக்கும் கடைசி புரோசஸும் மூட வேண்டும். அப்புறம்தான் கர்னல் இடத்தை விடும். என் புரோகிராமோ பெயரில்லாத அந்த ஃபைலை மூடாமல் திறந்தே வைத்திருந்தது. எல்எஸ்ஓஎஃப் கட்டளை ஆளைக் காட்டிக்கொடுத்தது. ரீஸ்டார்ட் செய்ததும் 40 ஜிபியும் திரும்பி வந்தது. அப்பெண்ட் முறையில் எழுதும் லாக் அது. அழிக்காமல் ட்ரன்கேட் செய்து காலியாக்கியிருந்தால் ரீஸ்டார்ட்டே வேண்டியிருக்காது.

நம்பிக்கை: ரீட்-ஒன்லி ஆக்கிவிட்டால் யாராலும் அழிக்க முடியாது.

உண்மை: விண்டோஸில் ஓரளவு சரி. அங்கே டெலீட்ஃபைல் ஃபங்ஷன் ரீட்-ஒன்லி ஃபைலைத் தொடாது. யூனிக்ஸ் வழி வேறு: 444 என்று பூட்டினாலும், டைரக்டரியில் எழுத அனுமதி உள்ளவர் அழித்துவிடலாம். ‘நிஜமாகவா?’ என்று கேட்பது ஆர்எம்மின் மரியாதை, கர்னல் கேட்பதில்லை. எல்லோரும் எழுதும் டெம்ப் டைரக்டரிக்கு ஸ்டிக்கி பிட் வைத்திருப்பது இதனால்தான்.

நம்பிக்கை: புரோகிராம் அழித்தாலும் ரீசைக்கிள் பின்னில் கிடக்கும்.

உண்மை: டெலீட்ஃபைலுக்கு ரீசைக்கிள் பின் என்றால் என்னவென்றே தெரியாது, அது விண்டோஸ் ஷெல்லின் சமாச்சாரம். அங்கே போக ஒரு வழி, எஸ்ஹெச்ஃபைல்ஆபரேஷனை ‘அலவ் அண்டூ’ கொடியோடு கூப்பிடுவது. அதிலும் ஒரு பொறி உண்டு. ஃபைல் பெயர்ப் பட்டியலின் கடைசியில் இரண்டு நல் எழுத்துகள் இருந்தாக வேண்டும். ஒன்றோடு நிறுத்தினால், மெமரியில் அதற்கடுத்துக் கிடக்கும் குப்பையையும் இன்னொரு ஃபைல் பெயராக நினைத்துப் படிக்கப் போய்விடும்.