துருப்பிடித்த சைலன்சருக்கு மறுபூச்சு

குமராட்சி வட்டாரத்தில் சம்பா நெல் பயிரிடும் உழவர்களுக்கு ஆயில் என்ஜின் இரண்டு வேலைக்கு உதவுகிறது. வாய்க்காலில் நீர் தாழ்ந்திருக்கும்போது வயலுக்கு இறைக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டிப் பயிர் மூழ்கும்போது வயல் நீரை வெளியேற்றுகிறது. அப்படி நீரை வடிக்க வேண்டிய நாளில் சிலரது என்ஜின் கைப்பிடிக்கு அசையாமல் நின்றுவிடுகிறது. கழற்றிப் பார்த்தால், உள்ளே மழைநீர் இறங்கி பிஸ்டன் வளையங்கள் துருவேறி இறுகியிருக்கும். சைலன்சரில் துரு அரித்த ஓட்டையே நீர் இறங்கிய வழியாக இருப்பதுண்டு.

"வருடந்தோறும் சில்வர் பெயிண்ட் அடிக்கிறோம். ஒரு மாதம்கூட நிற்பதில்லையே, ஏன்?" என்று உழவர்கள் கேட்கிறார்கள். தவறான பெயிண்ட், அடியில் நீக்காமல் விட்ட துரு, சூடேற்றிப் பதப்படுத்தாமை ஆகிய மூன்றுமே காரணம்.

துரு ஏன் பிடிக்கிறது?

சிதம்பரம், கடலூர் பகுதிகளில் கடற்காற்று உப்பையும் ஈரத்தையும் சுமந்து வருகிறது. என்ஜின் ஓடும்போது சைலன்சர் சூடேறி விரிகிறது, நின்றதும் சுருங்குகிறது. இதனால் கம்பெனி பூச்சில் வெடிப்பு விழுகிறது. அவ்வழியே நுழையும் ஈரம் பூச்சின் அடியிலேயே துருவைப் பரப்புகிறது. மோட்டார் கார்களின் புகைக் குழாய்களுக்குக் கொடுக்கப்படும் விலை உயர்ந்த செராமிக் பூச்சும், கீறல் விழுந்த இடத்தில் இவ்வாறே கெடுகிறது.

உள்ளிருந்தும் துரு பிடிக்கும். ஒரு லிட்டர் டீசல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. என்ஜினை ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்தினால் அந்த ஆவி குளிர்ந்து சைலன்சருக்குள்ளேயே தங்கிவிடும். ஆகவே என்ஜினை இயக்கினால் அரை மணி நேரமாவது பளுவுடன் ஓட்டுவது நல்லது.

எந்தப் பெயிண்ட்?

கதவு, கிராதிகளுக்கு அடிக்கும் சாதாரண எனாமலும் சில்வர் பெயிண்டும் இந்தச் சூட்டில் கருகிவிடும். சிவப்பு ஆக்சைடு பிரைமரும் அப்படியே. பளு இழுக்கும் டீசல் என்ஜினின் புகை, வெளியேறும் இடத்தில் 400 டிகிரி சென்டிகிரேடுக்கு மேலும் போகக்கூடும். எனவே சிலிக்கோன் பிசினில் தயாரான, 600 டிகிரி வரை வெப்பம் தாங்கும் பெயிண்டையே வாங்க வேண்டும். எத்தனை டிகிரி என்பது டப்பாவில் அச்சிடப்பட்டிருக்கும். இதற்கெனத் தனி பிரைமர் வேண்டும் என்று டப்பாவில் சொல்லியிருந்தால் தவிர, சுத்தம் செய்த இரும்பின் மேலேயே நேராக அடிக்கலாம்.

முதலில் தட்டிப் பாருங்கள்

என்ஜின் நன்றாக ஆறிய பின் சிறு சுத்தியலால் சைலன்சரை மெதுவாகத் தட்டிப் பார்க்கவும். கணீரென்று ஒலித்தால் தகடு திடமாக உள்ளது. மந்தமாக ஒலித்தாலோ, அமுக்கினால் உள்வாங்கினாலோ அதற்குப் பூச்சு பயன்படாது, மாற்றிவிட வேண்டும். பெயிண்ட் ஓட்டையை அடைக்காது.

செய்முறை

1. சைலன்சரையும், என்ஜினோடு இணைக்கும் வளைவுக் குழாயையும் கழற்றவும். டிராக்டரானால் மானிஃபோல்டு எனப்படும் கிளைக்குழாயையும் சேர்த்துப் பார்க்கவும். என்ஜினில் புகை வெளிவரும் துவாரத்தைத் துணியால் அடைக்கவும். மீண்டும் பூட்டும் முன் அத்துணியை மறவாமல் எடுக்க வேண்டும்.

2. நல்ல தண்ணீரில் கழுவி உப்பை நீக்கவும். உவர்ப்பான போர் தண்ணீர் கூடாது. பூச்சுக்கு அடியில் தங்கும் உப்பு மறுபடியும் துருவைக் கிளப்பும். கழுவியபின் வெயிலில் நன்கு உலர்த்தவும்.

3. எண்ணெய்ப் பிசுக்கைத் தின்னர் நனைத்த துணியால் துடைக்கவும். இதைச் சுரண்டும் முன்பே செய்ய வேண்டும்.

4. கம்பி பிரஷால் துருச் செதில்களை உதிர்த்து, 80-ஆம் எண் உப்புத்தாளாலும் பின்பு 120-ஆம் எண் தாளாலும் தேய்க்கவும். இரும்பின் சாம்பல் நிறம் தெரிய வேண்டும். பழைய பூச்சு உறுதியாக உள்ள இடத்தில் அதன் ஓரத்தை, விரல் நகத்தால் தடவினால் படி தட்டாதபடி சரித்துத் தேய்க்கவும். மூக்கிலும் வாயிலும் துணி கட்டி, கண்ணாடி அணிந்து கொள்வது அவசியம்.

5. மறுபடியும் தின்னரால் துடைத்து, அன்றே பெயிண்ட் அடிக்கவும். நமது பகுதிக் காற்றில் தேய்த்த இரும்பை ஓர் இரவு விட்டாலே மீண்டும் செம்மை படரும். பனி விலகிய பின் தொடங்கி மாலைக்குள் முடிப்பது நல்லது.

6. மெல்லிய பூச்சாக இருமுறை அடிக்கவும். கனமாக அடித்தால் சூட்டில் கொப்பளிக்கும். டப்பாவில் குறித்துள்ள நேரம் வரை உலர விடவும்.

சூட்டில் பதப்படுத்துதல்

பெரும்பாலோர் விட்டுவிடுவது இந்த வேலையைத்தான். இவ்வகைப் பெயிண்ட் உலர்ந்ததும் கெட்டிப்படுவதில்லை. சூடு பட்ட பின்பே இரும்பைப் பற்றுகிறது. புது கேஸ்கெட் வைத்துப் பூட்டி, டப்பாவில் வேறு முறை சொல்லப்படாவிட்டால், முதலில் பத்து நிமிடம் பளுவின்றி ஓட்டி ஆற விடவும். அடுத்து இருபது நிமிடம் நடுத்தர வேகத்தில் ஓட்டி ஆற விடவும். மூன்றாவதாக அரை மணி நேரம் பளுவுடன் ஓட்டவும். முதலில் சிறிது புகையும் நாற்றமும் வருவது இயல்பே. ஆறியபின் நட்டுகளை மறுபடி இறுக்கவும். மூடிய கொட்டகைக்குள் ஓட்டக் கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு மணமில்லாத நஞ்சு.

பின் பராமரிப்பு

மேல் நோக்கிய புகைக்குழாய்க்கு மூடி போடவும். மூடி இல்லையேல் காலி டப்பாவைக் கவிழ்த்து, ஓட்டும் முன் எடுத்துவிடவும். என்ஜினை நெடுநாள் நிறுத்தும்போது கைப்பிடியை மெல்லச் சுற்றி, அழுத்தம் தட்டும் நிலையில் விடவும். அப்போது இரு வால்வுகளும் மூடியிருப்பதால் நீர் உள்ளே இறங்காது. சைலன்சரில் ஓட்டையுள்ள டிராக்டரை வைக்கோல் போர் அருகிலோ, வைக்கோல் கட்டும் வேலைக்கோ கொண்டு போகக் கூடாது. ஓட்டை வழியே வரும் கொதிக்கும் புகையும் பொறியும் போதும், போர் எரிந்துவிடும்.

மாசியில் அறுவடை முடிந்து, மழையற்ற பங்குனி, சித்திரையே இவ்வேலைக்கு ஏற்ற காலம். அரை நாள் சுரண்டலும், சிறு டப்பா பெயிண்டும், ஒரு கேஸ்கெட்டுமே செலவு. உழவர் பெருமக்கள் சுரண்டும் வேலையில் சிக்கனம் பார்க்காமல் இதைச் செய்து வைத்தால், கார்த்திகை மழையில் வயல் மூழ்கும் நாளில் என்ஜின் கைகொடுக்கும்.