கறுப்பு மை பழுப்பானது எப்படி?

கேள்வி: ரெம்பிராண்ட் காலத்து ஓவியர்கள் பேனாவால் வரைந்த முதியவர் படங்கள் பழுப்பாகவே இருக்கின்றனவே. பழுப்பு மையில்தான் வரைந்தார்களா?

பதில்: எல்லாம் அப்படி இல்லை. பல படங்கள் வரைந்த அன்று கறுப்பாகத்தான் இருந்தன. அன்றைய ஐரோப்பாவில் மை தயாரிக்கத் தேவைப்பட்டவை நம் நாட்டு மருந்துக் கடையில் கிடைப்பவைதான்: மாசிக்காய், அன்னபேதி, பிசின். மாசிக்காயின் துவர்ப்போடு இரும்புச் சத்து சேர்ந்தால் நல்ல கறுப்பு வரும். காலம் போகப் போக அது பழுப்பாகிவிடும். அதிலுள்ள அமிலம் தாளையும் அரிக்கும். தாடியை அடர்த்தியாகக் கீறிய இடத்தில் தாளே விண்டுபோவதும் உண்டு. பார்க்கவே மனம் பதறும். விறகுப் புகைக்கரியில் செய்த இன்னொரு மையோ தொடக்கத்திலிருந்தே பழுப்பு. வெறும் கண்ணால் இரண்டையும் பிரித்துச் சொல்வது கடினம்.

முதியவர் படம் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஆல்பிரெக்ட் டியூரர் 1521-இல் ஆன்ட்வெர்ப்பில் வரைந்தது. இப்போது வியன்னாவின் ஆல்பர்ட்டினா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எதிரே உட்கார்ந்தவருக்கு வயது 93. இன்னும் திடமாக இருக்கிறார் என்று டியூரரே தாளில் குறித்திருக்கிறார். ஆனால் அது பேனா வேலை அல்ல, தூரிகை. சாம்பல் ஊதா பூசிய தாளில் நிழலுக்குக் கறுப்பு, ஒளிக்கு வெள்ளை. தலையைக் கையில் தாங்கி, இமை தாழ்த்தி இருக்கிறார். தாடிச் சுருள்களில் வெள்ளைக் கோடு மயிரிழையாக ஓடுகிறது. என்னைக் கேட்டால், இதை வைத்து அதே ஆண்டு அவர் தீட்டிய, லிஸ்பனில் உள்ள புனித ஜெரோம் வண்ண ஓவியத்தைவிட இந்தத் தாள்தான் உயர்ந்தது.