இளஞ் சிறார்க்கு மனவொருமை பயிற்றுதல்

ஆன்மா சார்ந்ததன் வண்ணமாகும் இயல்பினது என்பது சித்தாந்த நூற்பயிற்சியுடையார் யாவரும் அறிந்ததொன்று. இவ்வியல்பு சிறாரிடத்து மிக விளங்கித் தோன்றும். மூன்று வயதுக் குழவி வண்ணத்துப்பூச்சியைக் காணுங்கால் அதனோடே ஒன்றிவிடுகின்றது. விளையாட்டுப் பொருள் உடைந்தவழி முழுதும் அழுகையாகவே ஆகின்றது. தான் வேறு, தன்னைப் பற்றிய அழுகை வேறு எனப் பிரித்துணர்தல் அதற்கு இன்னும் கைவரவில்லை. அவ்வுணர்வை இளமையிலேயே மெல்ல விளைவித்தல் கூடுமோ என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

மேனாட்டார் இத்துறையில் பெரிதும் முயன்றுள்ளனர். 1979-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபட்-சின் என்பார், பௌத்தர்தம் தியானப் பயிற்சியைச் சமயச் சார்பின்றி நோயாளர்க்கேற்ப வகுத்தனர். அம்முறை பின்னர்ப் பள்ளிகளிலும் புகுந்தது. விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தார் 68 மழலைப் பள்ளிச் சிறாரைக்கொண்டு செய்த 12 வார ஆராய்ச்சியை 2015-இல் வெளியிட்டனர். இத்தகைய பயிற்சியில் சிறார் மல்லாந்து படுத்து, வயிற்றின்மேல் சிறு கல்லொன்றை வைத்து, மூச்சோடு அஃது எழுதலையும் தாழ்தலையும் உணர்வர். மணியொலி தேய்ந்து மறையுமளவும் செவிகொடுப்பர். பயின்ற சிறார் பிறரொடு பழகுந் திறனில் மேம்பட்டனரென ஆசிரியர் மதித்தனர்.

அற்றேல், எல்லாப் பள்ளியினும் இதனைக் கட்டாயமாக்குதல் நன்றன்றோவெனின், அன்று. அறுபத்தெண்மர் சிறு தொகையினர். மதிப்பிட்ட ஆசிரியரும் பயின்றார் இன்னாரென அறிந்தவரே. மேலும், பிரிட்டனில் 8,000-க்கு மேற்பட்ட மாணவரிடை நிகழ்ந்த பேராராய்ச்சியின் முடிவு 2022-இல் வெளிவந்தது. ஆண்டுப் பள்ளி ஆசிரியரே பயிற்றியும், வழக்கமான கல்வியினும் மிக்க பயன் காணப்படவில்லை. மாணவருட் பலர் வீட்டிற் பயின்றாரல்லர். அவர் பதினோராண்டும் அதற்கு மேலும் நிரம்பியவராகலின், அம்முடிவு மழலையர்க்கு அப்படியே பொருந்தாது. ஆயினும், மனவொருமை கட்டளையால் வாராது என்பது அதனாற் பெறப்படும்.

எனவே பயிற்றுவார் சிலவற்றைக் கருதல் வேண்டும். மனத்தை அடக்கியாளுதற்குக் கருவியாகிய மூளையின் முன்பகுதி முழுவளர்ச்சி எய்துவது இருபது வயதைக் கடந்த பின்னரே. ஆதலின் சிறாரிடம் நெடும்பொழுது அசையாதிருத்தலை வேண்டுதல் தகாது. ஒன்றிரண்டு நிமிடமே சாலும். அதுவும் விளையாட்டாக அமைதல் வேண்டும். குறும்பு செய்த பிள்ளையைத் தண்டனையாகக் கண்மூடி இருத்துவோமாயின், அமைதியே அதற்குப் பகையாய்விடும். அழும் பிள்ளையை அழாதேயென்று அதட்டுதலும் வேண்டா. "சினம் வந்ததோ? அச்சம் வந்ததோ?" என வினவி, அவ்வுணர்ச்சிக்குப் பெயர் சொல்லக் கற்பித்தல் வேண்டும். பெயரிட்ட பொருளையே பிள்ளை தன்னின் வேறாக நோக்கத் தொடங்கும். பசியோ, நோயோ, பிறர் செய்த கொடுமையோ அழுகைக்குக் காரணமாயின், அதனை நீக்குதலே முதற்கடன். மூச்சுப்பயிற்சி அதற்கு ஈடாகாது.

இனி, யாவற்றினும் தலையாயது ஒன்றுண்டு. நம் உள்ளம் பல திசையினும் ஓடாநிற்க, "சும்மா இரு" என்று பிள்ளையை எத்துணை முறை நாம் கடிந்திருக்கின்றோம்! பிள்ளை கற்பது நம் சொல்லையன்று, நம் நிலையையே. சார்ந்ததன் வண்ணமாவது அதன் இயல்பாயின், அது சார்ந்து நிற்பது நம்மையேயன்றோ? ஆதலின் அக்கல்லை முதற்கண் நம் வயிற்றின்மேல் வைத்துப் பார்ப்போமாக.