சங்கிலி விதி: உள்ளே இருப்பதை விட்டுவிடாதீர்கள்

பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகளுக்கு இம்மாதப் பாடம், முக்கோணவியல் சார்புகளை வகையிடுவது. இதில் மதிப்பெண் போவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். வெளிச்சார்பை வகையிட்டுவிட்டு, உள்சார்பை மறந்துவிடுவார்கள்.

சைன் எக்ஸ் என்பதன் வகைக்கெழு காஸ் எக்ஸ். காஸ் எக்ஸ் என்பதன் வகைக்கெழு −சைன் எக்ஸ். கோணத்தின் இடத்தில் வேறொரு சார்பு இருந்தால் சங்கிலி விதி தேவை: முதலில் உள்ளே இருப்பதைத் தொடாமல் வெளிச்சார்பை வகையிடுங்கள், பிறகு உள்சார்பின் வகைக்கெழுவால் பெருக்குங்கள்.

1. சைன்(5எக்ஸ்): வெளியே காஸ்(5எக்ஸ்), உள்ளே 5. விடை: 5 காஸ்(5எக்ஸ்). எக்ஸைவிட 5எக்ஸ் ஐந்து மடங்கு வேகமாக மாறுகிறது. பெருக்குவதற்குக் காரணம் அதுதான்.

2. காஸ்(எக்ஸ்²): விடை −2எக்ஸ் சைன்(எக்ஸ்²).

3. சைன்²எக்ஸ்: இங்கே வர்க்கம்தான் வெளிச்சார்பு, சைன் உள்சார்பு. விடை: 2 சைன் எக்ஸ் காஸ் எக்ஸ். இதையும் சைன்(எக்ஸ்²) என்பதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இனி நமக்குப் பழக்கமான ஒன்றுக்கு வருவோம். கிப்லாவையும் தொழுகை நேரத்தையும் கணிக்க முஸ்லிம் வானியலாளர்கள் முக்கோணவியலை வளர்த்தார்கள். பக்தாதில் அபுல் வஃபா அல்-பூஸ்ஜானி (940–998) துல்லியமான சைன் அட்டவணை தயாரித்தார். பள்ளிவாசலில் மாட்டியிருக்கும் நேர அட்டவணைக்கும், சூரியன் நிலநடுக்கோட்டிலிருந்து எத்தனை டிகிரி விலகியுள்ளது என்பது தேவை. மார்ச் 21-க்குப் பின் ‘நா’ நாட்கள் கழித்து அது ஏறத்தாழ

23.45 × சைன்(0.0172 நா)

0.0172 என்பது 2பை-ஐ 365-ஆல் வகுத்தது, கோணம் ரேடியனில். வகையிட்டால்:

23.45 × 0.0172 × காஸ்(0.0172 நா)

மார்ச் 21-இல் நா = 0, காஸ் 0 = 1. ஆகவே சூரியன் அன்று நாளொன்றுக்குச் சுமார் 0.4 டிகிரி நகர்கிறது. ஜூன் 21 அளவில் காஸ் பூஜ்யத்தை நெருங்குவதால் நகர்வு நின்றதுபோல் ஆகிறது. 0.0172-ஐ விட்டுவிட்டால், சூரியன் ஒரே நாளில் 23 டிகிரி நகர்வதாக விடை வரும்! உள்சார்பை மறந்தால் கணக்கு எவ்வளவு தூரம் தவறிப்போகும் என்பதற்கு இதுவே போதும்.

பயிற்சி: காஸ்(4எக்ஸ்), காஸ்³எக்ஸ் ஆகியவற்றை வகையிடுக.
விடைகள்: −4 சைன்(4எக்ஸ்); −3 காஸ்²எக்ஸ் சைன் எக்ஸ்.

பெற்றோருக்குக் கணிதம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளை கணக்கை முடித்ததும், “உள்ளே இருப்பதையும் வகையிட்டாயா?” என்று மட்டும் கேளுங்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் கல்வியில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.