கல்லூரிக்கு வந்துவிட்டால் பசி தீர்ந்துவிடுமா?

நம்பிக்கைகளும் உண்மைகளும்

அரசு கலைக் கல்லூரிகளில் இரண்டு ஷிப்ட் நடக்கும் இடங்களில் முதல் ஷிப்ட் காலை எட்டே முக்கால் வாக்கில் தொடங்கிவிடும். இருபது, முப்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கிராமத்து மாணவி ஆறரை மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். அதை விட்டால் அடுத்த பஸ்ஸில் வருவதற்குள் முதல் பீரியட் போய்விடும். அந்த நேரத்தில் வீட்டில் உலை கொதித்துக்கொண்டிருக்கும், சோறு வடித்திருக்காது. முந்தின இரவின் மிச்சத்தைத் தாளித்துக் கொடுத்தால் டப்பாவில் வரும். பத்தரை மணி இடைவேளையிலேயே அந்த டப்பா காலியாகிவிடும். ஒன்றேகாலுக்கு வகுப்பு முடிந்து, பஸ்ஸுக்குக் காத்திருந்து வீடு போய்ச் சேர மூன்று, மூன்றரை.

இந்தப் பசியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் சில பதில்கள் தவறாமல் வருகின்றன. ஆசிரியர் ஓய்வறையிலும் கேட்டிருக்கிறேன், மாணவர்களுக்கு உதவி கேட்டுப் போன இடங்களிலும் கேட்டிருக்கிறேன். சொல்கிறவர்கள் கல்நெஞ்சுக்காரர்கள் இல்லை; உண்மையாகவே அப்படி நம்புகிறார்கள். அதனால்தான் எழுத வேண்டியிருக்கிறது.

நம்பிக்கை: "காலேஜ் வரைக்கும் வந்தவன் சோத்துக்கு வழியில்லாதவனா இருக்க மாட்டான்."

ஊருக்கு ஒருவர் இருவர் கல்லூரிக்குப் போன காலத்தில் இது ஓரளவு சரியாக இருந்திருக்கலாம். இன்று உயர்கல்வியில் தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம் என்கிறது ஒன்றிய அரசின் 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பு. நாட்டின் சராசரி 28.4. செங்கல் சூளையிலும் கட்டட வேலையிலும் சம்பாதிக்கும் குடும்பங்களின் பிள்ளைகளும் சேர்ந்துதான் இந்த 47.

அவர்களை இங்கே கொண்டுவந்து சேர்த்ததில் பள்ளிச் சாப்பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. 1956-ல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவு, பிறகு கலைஞர் ஆட்சியில் முட்டை, 2022-ல் தொடக்கப் பள்ளிகளுக்குக் காலை உணவு என்று ஒவ்வொரு தலைமுறையும் ஒன்றைச் சேர்த்தது. ஆனால் சத்துணவு பத்தாம் வகுப்போடு முடிகிறது. பத்தாவது வரை படிக்கவைப்பதே பெரிய காரியமாக இருந்த நாட்களில் போட்ட எல்லைக்கோடு அது. பிள்ளைகள் அந்தக் கோட்டைத் தாண்டி வந்துவிட்டார்கள், தட்டு மட்டும் அங்கேயே நின்றுவிட்டது.

வளமான நாட்டிலும் கல்லூரி மாணவர்களுக்குப் பசி உண்டு. அமெரிக்கக் கல்லூரி மாணவர்களில் 23 சதவீதம் பேர், ஏறத்தாழ 38 லட்சம் பேர், 2020-ல் போதிய உணவு உறுதியில்லாமல் இருந்தார்கள் என்று அந்த நாட்டு அரசின் தணிக்கை அமைப்பு கணக்குச் சொல்கிறது. அவர்கள் கேட்டார்கள், அதனால் தெரிந்தது. நம் உயர்கல்விக் கணக்கெடுப்பில் எத்தனை வகுப்பறை, எத்தனை விடுதி, எத்தனை ஆசிரியர் என்ற கேள்விகள் உண்டு. மாணவர் சாப்பிட்டாரா என்ற கேள்வி இல்லை.

நம்பிக்கை: "ஹாஸ்டல்ல இருக்கிற பிள்ளைங்களுக்கு என்ன கவலை?"

அரசு நல விடுதிகளில் தங்கும் கல்லூரி மாணவர் ஒருவருக்கு மாத உணவுச் செலவாக ஒதுக்கப்படும் தொகை 1,100 ரூபாயிலிருந்து 1,500 ஆக 2023-ல் உயர்ந்தது. வரவேற்க வேண்டிய உயர்வு. அதையும் முப்பதால் வகுத்தால் நாளொன்றுக்கு 50 ரூபாய். மூன்று வேளைக்கான காய்கறியும் பருப்பும் எண்ணெயும் அதற்குள் அடங்க வேண்டும். தக்காளி விலை ஏறும் மாதத்தில் ரசம் எந்த நிறத்தில் இருக்கும் என்று விடுதிப் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள்.

கல்லூரிகளே நடத்தும் விடுதிகளில் டிவைடிங் சிஸ்டம். மாதம் முழுக்க ஆன செலவைக் கூட்டி, எத்தனை பேர் எத்தனை நாள் சாப்பிட்டார்கள் என்ற மொத்தக் கணக்கால் வகுத்து, மாதக் கடைசியில் மெஸ் பில் போடுவார்கள். எவ்வளவு வரும் என்று முன்கூட்டித் தெரியாது. ஊருக்குப் போனால் எழுதிக் கொடுத்து மெஸ் கட் வாங்கலாம், அந்த நாட்களுக்குக் காசு பிடிக்க மாட்டார்கள். ஊருக்குப் போவதாக எழுதிக் கொடுத்துவிட்டு அறையிலேயே இருக்கும் மாணவர்கள் உண்டு. பிஸ்கட் பாக்கெட், தண்ணீர், அறைத் தோழன் மெஸ்ஸிலிருந்து மறைத்து எடுத்துவரும் இரண்டு சப்பாத்தி. பிடிபட்டால் அபராதம் இரண்டு பேருக்கும். இதை ஒழுங்கீனம் என்று விசாரிப்பதற்கு முன்னால் அந்த மாணவனின் மெஸ் பாக்கி எவ்வளவு என்று பார்க்க வேண்டும். பாக்கி வைத்தவர்களின் பெயரை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதும், ஹால் டிக்கெட்டை நிறுத்தி வைப்பதும் பல இடங்களில் சாதாரணமாக நடக்கிறது. கட்ட முடியாதவன் அடுத்த மாதம் சாப்பிடாமல் இருந்துதான் அதைச் சரிக்கட்டுகிறான்.

விடுதி கிடைக்காதவர்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து ரூம் எடுக்கிறார்கள். ரேஷன் அரிசி இலவசம்தான், ஆனால் கார்டு ஊரில் அம்மாவிடம் இருக்கிறது, அந்த அரிசியை நம்பித்தான் வீட்டில் மற்றவர்கள் சாப்பிடுகிறார்கள். இரவு ஒரு வேளை கடையில் பரோட்டா, அதுவும் சால்னாவுக்காக. காலையில் ஒன்றும் கிடையாது.

நம்பிக்கை: "கையில போன் வச்சிருக்கான், அவனுக்கா பசி?"

ஆசிரியர் நோட்ஸ் அனுப்புவது வாட்ஸ்அப்பில். உதவித்தொகைக்கு யு.எம்.ஐ.எஸ். என்ற மாணவர் பதிவு எண் வேண்டும், வங்கிக் கணக்கோடு ஆதார் இணைந்திருக்க வேண்டும், ஓ.டி.பி. வர வேண்டும். பகுதிநேர வேலைக்குக் கூப்பிடுவதும் போனில்தான். பெரும்பாலும் செகண்ட் ஹேண்டாகவோ தவணையிலோ வாங்கியது. போனை வைத்து வசதியை அளப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்: போன் இல்லாதது எல்லோர் கண்ணுக்கும் தெரியும், காலையில் சாப்பிடாதது தெரியாது. பத்தொன்பது வயதில் எதை முதலில் விட்டுக்கொடுப்பார்கள்? அடுத்தவருக்குத் தெரியாததைத்தான்.

நம்பிக்கை: "மாசம் ஆயிரம் ரூபாய் குடுக்கறாங்களே!"

அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவியருக்கு 2022 செப்டம்பரிலிருந்து புதுமைப்பெண் திட்டம், மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப் புதல்வன் திட்டம். அந்த ஆயிரம் ரூபாயால் படிப்பை விடாமல் இருப்பவர்களை நான் அறிவேன், அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் நாளுக்கு 33 ரூபாய் அது. பஸ், ஜெராக்ஸ், பரீட்சைக் கட்டணம், நாப்கின் எல்லாம் அதில்தான். வீட்டில் தம்பிக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் எடுக்கப்படுவது அதுதான்.

பற்றாக்குறைக்குப் பையன்கள் கேட்டரிங் போகிறார்கள். முகூர்த்த நாளுக்கு முந்தின மாலையே மண்டபத்துக்குப் போய், இரவு ரிசப்ஷன் பந்தி, விடிகாலையில் டிபன், மதியம் சாப்பாடு என்று பரிமாறி இலை எடுத்துவிட்டு வந்தால் சில நூறு ரூபாயும் வயிறாரச் சாப்பாடும் கிடைக்கும். மறுநாள் வகுப்பில் தூங்குகிறவனைத் திட்டுவதற்கு முன் நேற்று முகூர்த்தமா என்று காலண்டரைப் பார்ப்பது நல்லது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. மார்கழி பிறக்கிற நேரம் பல கல்லூரிகளில் செமஸ்டர் பரீட்சை நேரமும்கூட. வருமானமும் அந்தச் சாப்பாடும் நிற்கிற அதே வாரங்களில் பரீட்சைக்குப் படிக்க வேண்டியிருக்கிறது.

நம்பிக்கை: "நாங்கல்லாம் பட்டினி கிடந்துதான் படிச்சோம். கஷ்டப்பட்டாத்தான் படிப்பு ஏறும்."

இதைச் சொல்கிறவர்களின் கஷ்டம் உண்மை. ஆனால் சொல்வதற்கு மேலே வந்தவர்கள்தான் இருக்கிறார்கள். அதே பட்டினியில் பாதியில் நின்றுபோனவர்கள் இந்தப் பேச்சில் கலந்துகொள்வதில்லை.

1944-45-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 இளைஞர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார். எல்லோரும் ஆரோக்கியமானவர்கள், தாங்களாக முன்வந்தவர்கள். 24 வாரம் அரைவயிற்றுச் சாப்பாடு. உடல் எடையில் ஏறத்தாழ கால்வாசி குறைந்தது. அதைவிட நமக்கு முக்கியம் அவர்கள் மனம் போன போக்கு. எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு, சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைப்பது, சிடுசிடுப்பு, யாரோடும் சேராமல் ஒதுங்குவது. எதிலும் மனம் ஒன்றவில்லை என்றார்கள். பல்கலைக்கழக வகுப்புகளில் சேர்ந்திருந்த சிலர் அவற்றைக் கைவிட்டார்கள். அறிவுத்திறன் சோதனை வைத்தபோது பெரிய சரிவு தெரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அறிவு இருந்த இடத்தில்தான் இருக்கிறது. உட்கார்ந்து ஒரு பக்கத்தை முழுதாகப் படிக்க முடிவதில்லை. "புத்திசாலிப் பையன், ஆனா அக்கறையில்ல" என்று நாம் எழுதித் தள்ளும் மாணவர்களில் எத்தனை பேருக்கு இது பொருந்துமோ.

நம்பிக்கை: "டீயும் பன்னும் சாப்பிட்டா மதியம் வரைக்கும் தாங்கும்."

பசி அடங்கும், சத்து சேராது. சாப்பாட்டோடு டீ குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதும் குறையும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. கேன்டீனில் பன்னோடு எலுமிச்சை பிழிந்த சுண்டலும் வைத்தால் அதிகச் செலவு ஆகாது.

நம்பிக்கை: "கேட்டாக் குடுக்க மாட்டோமா?"

கொடுப்பார்கள். ஆனால் பிள்ளைகள் கேட்க மாட்டார்கள். "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டால் "சாப்ட்டேன் மேம்" என்றுதான் பதில் வரும், அது மரியாதைக்குச் சொல்லும் பதில். ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு பசியைக் கேட்டறிவதற்கென்று எட்டுக் கேள்விகள் வைத்திருக்கிறது. நேரடியாகப் பசிக்கிறதா என்று அவை தொடங்குவதில்லை. சாப்பாட்டுக்குப் பணம் போதாமல் போகுமோ என்று கவலைப்பட்டதுண்டா, ஒரே மாதிரி உணவையே சாப்பிட்டதுண்டா, பணமில்லாமல் ஒரு வேளையை விட்டதுண்டா என்று படிப்படியாகப் போகின்றன. பெயர் எழுதாத தாளில் இவற்றைத் தமிழில் கேட்டால் ஒரே பீரியடில் ஒரு கல்லூரியின் நிலை தெரிந்துவிடும்.

தெரிந்த பிறகு செய்யக் கூடாதது ஒன்று உண்டு. ஏழை மாணவர் பட்டியல் தயாரித்து, வருமானச் சான்றிதழ் வாங்கி, வகுப்பில் பெயர் வாசித்து டோக்கன் கொடுப்பது. அந்த டோக்கனை வாங்குவதைவிடப் பட்டினி கிடப்பதே மேல் என்று நினைக்கும் வயது இது. பள்ளியில் காலை உணவுக்கு யாரும் சான்றிதழ் கேட்கவில்லை, வகுப்பே சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறது. கல்லூரியிலும் அப்படிச் செய்ய முடியும் என்பதற்குப் பழனியே சாட்சி. தண்டாயுதபாணி கோயில் நடத்தும் பள்ளி, கல்லூரிகளில் படிக்கும் சுமார் 4,000 பேருக்கு 2022 நவம்பரில் இலவசக் காலை உணவு தொடங்கப்பட்டது. அங்கே படிப்பதுதான் தகுதி.

தமிழ்நாட்டில் அரசு கலை அறிவியல் கல்லூரிகள் 160-க்கும் மேல் இருக்கின்றன. சத்துணவு மையங்கள் 43 ஆயிரத்துக்கும் மேல். சாமான் வாங்குவது முதல் முட்டைக் கணக்கு வரை எல்லாவற்றுக்கும் ஏற்பாடும் பழக்கமும் இருக்கிற மாநிலத்துக்கு, கல்லூரிக்கு ஒரு சமையல்கூடத்தைச் சேர்ப்பது முடியாத காரியம் இல்லை. காலை எட்டு மணிக்குள் பொங்கலோ ரவா கிச்சடியோ தயாராக இருந்தால் ஆறரை மணி பஸ்ஸில் வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு வகுப்புக்குப் போவார்கள். ஒன்றேகாலுக்குக் கலவை சாதமும் முட்டையும் வைத்தால், வீட்டுக்குக் கிளம்புகிற ஷிப்டுக்கும் வகுப்புக்கு வருகிற ஷிப்டுக்கும் ஒரே சமையல் போதும்.