பொறியின் அச்சுப்பிழை

அச்சுப்பிழை என்றவுடன் தமிழ் பயில்வார் ஏட்டிலுள்ள எழுத்துப்பிழையையே கருதுவர். யான் ஈண்டு எழுதப் புகுந்தது அஃதன்று. கணினியின் ஏவலால் இயங்கும் மில்லிங் பொறியில் மேசையும் வெட்டுங்கருவியும் செல்லும் நெறிகள் மூன்று. அவற்றை எக்ஸ், ஒய், இசட் அச்சுகள் என்பர். ஏவிய இடத்தில் நில்லாது அவை முன்னோ பின்னோ நிற்பதே இக்கட்டுரை கூறும் அச்சுப்பிழை. இலக்கிய மாணவனுக்கு இதில் என்ன வேலை என நண்பர் நகைத்தல் கூடும். 1937-இல் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் மின்மோட்டார் செய்த கோவையிற் பிறந்தார்க்குப் பட்டறை அயலிடமன்று.

சென்ற கோடை விடுமுறையில், என் மாமா மேற்பார்வையாளராயிருக்கும் ஒரு சிறு பட்டறைக்குச் சென்றிருந்தேன். ஆங்கு வார்ப்பிரும்பாலான பம்பு உறுப்புகளுக்குத் துளையிடுவர். ஒரு நாட்காலையில், ஒரே பிக்சரில் இறுக்கிய நான்கு உறுப்புகளிலும் துளைகள் இடம் மாறி விழுந்தன. பொறியை இயக்கிய இளைஞன் எண்ணைத் தவறாக இட்டான் என்று முதலாளி சினந்து, நட்டத்தைக் கூலியிற் பிடிப்பதாகவும் கூறினார். அவன் வாய் திறவாது நின்றான்.

மாமா முதலில் கேட்டது, பிழை எவ்வளவு என்பதே. அளந்து பார்க்க, நான்கிலும் எக்ஸ் அச்சில் சரியாக 10 மில்லிமீட்டர் விலகியிருந்தது.

“திருகு ஒரு சுற்றுக்கு எவ்வளவு நகர்த்தும், தம்பி?”

“பத்து மில்லிமீட்டருங்க.”

எண்ணைத் தவறாக இடினும் பத்து வருமே என்று முதலாளி மறுத்தார். அது நேரிய மறுப்பே. ஆதலின் சோதனை வேண்டியதாயிற்று. இக்காலத்துப் பொறிகள் பல, மின்கலத்தின் துணையால் தம் இடத்தை மறவா. இப்பழைய பொறியோ, மின்சாரம் வந்தவுடன் தன் தொடக்கவிடத்தைத் தானே தேட வேண்டும். மேசை ஒரு சுவிட்சைத் தொட்டு விடுத்தபின், மோட்டாரின் என்கோடர் சுற்றுக்கு ஒருமுறை தரும் குறியில் எது முதலில் வருகிறதோ அதனையே பூச்சியமாகக் கொள்ளும். சுவிட்ச் சிறிது தாமதமாக விடுபடின் அக்குறி தவறி அடுத்த குறி கொள்ளப்படும். பிழை முழுச்சுற்று ஒன்றாகும்.

மாமா மேசையோரத்தில் ஒரு கோடு கிழித்து, பொறியை ஆறுமுறை அணைத்து இயக்கித் தொடக்கவிடம் தேடச் செய்தார். இருமுறை கோடு 10 மில்லிமீட்டர் தள்ளி நின்றது. இரும்புத்தூளும் குளிர்நீரும் புகுந்து சுவிட்ச் மந்தித்திருந்தது. அதனைத் துடைத்து, இரு குறிகளுக்கு நடுவே விடுபடுமாறு இடம் மாற்றியபின் பிழை வரவில்லை. கூலியைப் பற்றிய பேச்சும் அதன்பின் எழவில்லை.

பிழையின் இயல்பே அதன் இருப்பிடத்தைக் காட்டும் என்று மாமா அன்று மாலை விளக்கினார். திசை திரும்பும்போது மட்டும் பிழைத்தால், அது பேக்லாஷ். திருகிற்கும் நட்டிற்கும் இடையே தேய்வாலுண்டான வெற்றசைவு. டயல் கேஜை ஸ்பிண்டிலிற் பொருத்தி, மேசைமீதுள்ள கட்டையை இடப்புறமிருந்தும் வலப்புறமிருந்தும் ஒரே புள்ளிக்குக் கொணரின் வேற்றுமை தெரிந்துவிடும். காலையிற் சரியாயிருந்து நண்பகலுக்குள் மெல்லமெல்ல விலகின், வெம்மையே காரணம்: ஒரு மீட்டர் எஃகு ஒரு பாகை சூடேறின் ஏறக்குறைய 12 மைக்ரான் நீளுமாதலின், அரைமீட்டர்த் திருகு பத்துப் பாகையில் 60 மைக்ரான் அளவு வளரும். விலகல் கூடிக்கொண்டே போய் மீளாதிருப்பின் மோட்டாரையும் திருகையும் பிணைக்கும் கப்ளிங் வழுக்குகிறது. இங்கேதான் பலர் ஏமாறுவர். திரை சரியான எண்ணையே காட்டும். ஏனெனின் என்கோடர் மோட்டாரின் பின்னே அமர்ந்திருப்பது, மேசை நின்ற இடத்தை அஃது அறியாது.

இவற்றை ஆராயாது, ஆஃப்செட் எண்ணை மாற்றி அன்றைய வேலையை முடித்துவிடும் வழக்கம் பட்டறைகளில் உண்டு. பேக்லாஷை எண்ணால் ஈடுசெய்தல் தவறன்று. ஆயினும் தளர்ந்த பேரிங்கை எண்ணால் மறைத்தால் தளர்ச்சி வளர, எண்ணையும் வளர்த்துக்கொண்டே போக வேண்டும். நான்கு உறுப்புகள் வீணான அன்றும் எண்ணைப் பத்து மாற்றியிருந்தால், மறுநாள் சுவிட்ச் சரியாக விடுபட்டவுடன் வேறு நான்கு வீணாகியிருக்கும். பழியும் அவ்விளைஞன் தலையிலேயே விழுந்திருக்கும்.

இப்போது அவன் நாள்தோறும் முதல் வெட்டிற்கு முன் அக்கோட்டைப் பார்த்தே தொடங்குகிறான் என்று மாமா தெரிவித்தார்.